ஷார்ஜாவிலிருந்து மாமன் மடி வரை

அண்ணனின் விமானச் சீட்டு வாட்ஸப்பில் வந்து விழுந்தபோது மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தோம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசித்தார்.

"ஷார்ஜாவுல ஒண்ணு நாப்பதுக்கு ஏறுறான். திருச்சியில காலையில ஏழு பத்துக்கு எறங்குறான்." விரல் விட்டு எண்ணினார். "அஞ்சரை மணி நேரம்."

பெரியப்பா வெற்றிலையை நிறுத்தினார். "போறப்ப எட்டு மணிக்கு ஏறி பத்தரைக்கெல்லாம் எறங்கிட்டேன்னு போன் பண்ணுனானேப்பா. ரெண்டரை மணி நேரந்தான ஆச்சு?"

"அது போறப்ப. வர்றப்ப பெட்டி பாரம்ல? ஆளாளுக்குக் கம்பளி, தைலம், பால்பவுடருன்னு அடைச்சு ஏத்துறாய்ங்க. ஃபிளைட்டு முக்கி முனகித்தான வரும்."

"அதுஞ் சரிதான்" என்று பெரியப்பா மறுபடி மென்றார்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்த அக்கா சீப்பாலேயே என் முழங்கையில் தட்டினாள். "சிரிக்காமச் சொல்லுடி, பிசிக்ஸ் படிக்கிறவளே."

சொன்னேன். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இங்கே ஏழு என்றால் அங்கே ஐந்தரை. அவன் ஏறும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் நம்மூர்க் கடிகாரம். போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம்தான். சொல்லப்போனால் இந்தத் தை மாதத்தில் மேலே மேற்குக் காற்று தள்ளிவிடும். பெட்டி எத்தனை இருந்தாலும் வீட்டுக்கு வருகிற விமானம்தான் கொஞ்சம் வெரசாக வரும்.

அப்பா நம்பினாரா தெரியாது. அக்கா சீப்பை நிறுத்திவிட்டாள்.

"நாலு மணி நேரந்தானா?"

"நாலுதான்க்கா."

"மெட்ராசுக்குப் பஸ்ல போனாலே ஏழெட்டு மணி நேரம் குந்தியிருக்கணும். நாலு மணி நேரத் தூரத்துல இருக்குறவன் நாலு வருசத்துக்கு மேல வரலியேடி."

அந்த நிமிடம்தான் எனக்குத் தோன்றியது: அந்த நாலு மணி நேரம் என்பது என்ன, அதற்குள் என்னென்ன இருக்கிறது, அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று நான் முழுசாக எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து. பிள்ளைக்கு ஐந்து வயது நடக்கிறது. எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். ஒரு வயதில் அண்ணன் அப்போதுதான் விமானம் ஏறியிருந்தான். மூன்று வயதில் கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட இருக்கும் பெண்பிள்ளைகள் எல்லாம் தோடு போட்டிருக்க, இவள் மட்டும் வெறும் காதோடு போய்வந்து, "எனக்கு ஏம்மா ஓட்டை போடல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஐந்தும் தவறினால் ஏழு.

அக்காவின் புகுந்த வீட்டில் நியாயமாகத்தான் சொன்னார்கள். பெரியப்பா மகன் இருக்கிறாரே, அவரும் மாமன் முறைதானே, அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்று. அக்கா ஒரே பேச்சில் முடித்தாள். "கூடப் பொறந்தவன் ஒருத்தன் உசுரோட இருக்கையில எம்புள்ள ஏன் அடுத்தவன் மடிக்குப் போகணும்?"

நான் ஆணாகப் பிறந்திருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது. நானும் கூடப் பிறந்தவள்தான். ஆனால் அந்தச் சடங்கில் சித்தியின் மடிக்கு வேலை இல்லை. அக்காவுக்காக என்னால் செய்ய முடிந்தது கணக்கு மட்டும்தான்.

பத்திரிகையில் "காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்" என்று அடித்திருந்தது. இடம், இலுப்பூர்ப் பக்கம் அக்கா வீட்டுக்காரரின் குலதெய்வமான அய்யனார் கோயில். தேதி குறிக்கும்போது அண்ணன் ஒரு வாரம் முன்னாலேயே வருவதாகத்தான் இருந்தது. பத்திரிகை பாதி மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனி லீவை ஒரு வாரம் தள்ளிவிட்டது. ஆகவே, அதே ஞாயிறு காலை ஏழு பத்துக்கு இறங்கி, பத்தரைக்குள் அவன் கோயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பூகோள உருண்டை உண்டு. அதில் இன்னும் சோவியத் யூனியன் இருக்கிறது. டீச்சரிடம் கேட்டு அதை வாங்கி வைத்துக்கொண்டு, தையல் நூலின் ஒரு முனையைத் திருச்சியிலும் மறுமுனையை ஷார்ஜாவிலும் வைத்து இழுத்தேன். நூல் கன்னடக் கரையைத் தாண்டி, அரபிக் கடலில் இறங்கி, ஓமனை உரசிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. ஒரு விரற்கடை நூல். அதற்கப்புறம் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து, ஹால்டிக்கெட் பின்பக்கத்தில் சைன், கொசைன் போட்டேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்தது. இணையத்தில் பார்த்தால் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் வித்தியாசம். எனக்கு நின்ற இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. மணிக்கு எண்ணூறு என்று வகுத்து, ஏறவும் இறங்கவும் இருபது நிமிடம் சேர்த்தால், அதே நாலு மணி நேரம்!

குதித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த இணையப் பக்கத்துக்குத் தெரிந்தது இரண்டு விமான நிலையங்கள். அக்கா மகளுக்கு வேண்டியது ஒரு மடி.

மிச்சத்தைப் பக்கத்து வீடுகளில்தான் சேகரிக்க வேண்டியிருந்தது. வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேராவது வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் இருப்பார்கள். நோட்டும் பேனாவுமாகப் போய், "விமானம் எறங்குனதுல இருந்து வெளிய வர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"முன்னாடி சீட்டுன்னா அரை மணி நேரம். பின்னாடி சீட்டுன்னா ஒண்ணரை" என்றார் துபாயில் ஓட்டுநராக இருந்தவர். "கதவு தொறந்த ஒடனே ஓடணும் தங்கச்சி. நடந்தா கெட்ட."

"பெட்டி வர்றது அவனவன் சாதகம்" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் யோசித்துவிட்டு, "நான் பாத்ரூம் போயிட்டு வந்து பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. எம்பெட்டி மட்டும் சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு எவ்வளவு நேரம்னு நான் எப்படித்தா சொல்லுவேன்?" என்றார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, முன்னாடி சீட்டாப் போடு. பெட்டி வேணாம், கைப்பை மட்டும் எடுத்துக்க."

"பெட்டி இல்லாம வந்தா பெரியப்பா ஊருக்குள்ள விடுவாரா? தைலம் கேட்டிருக்காரு."

"தைலத்தக் கைப்பையில போடு."

"அம்புட்டுப் பெரிய பாட்டில கைப்பையில விடமாட்டாய்ங்க புள்ள. நீ என்னமோ ஃபிளைட்ட நம்ம டவுன் பஸ்ஸுன்னு நெனச்சுக்கிட்டு இருக்க."

சரி, பெரியப்பாவின் மூட்டுவலிக்காக அரை மணி நேரம் ஒதுக்கினேன். ஏழு பத்துக்கு இறங்கினால், எட்டே காலுக்கு வெளியே. அங்கிருந்து இலுப்பூர்ப் பக்கம் ஒரு மணி நேரம். ஒன்பதே காலுக்குக் கோயில். ஒன்றேகால் மணி நேரம் மிச்சம். அட்டவணையை அழகாக எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "கண்டிப்பா வந்துருவான்ல?" என்று கேட்டாள். அடுத்த மூன்று நாளில் அதையே பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் நான் "ஒண்ணேகால் மணி நேரம் மிச்சம்க்கா" என்றேன். எவ்வளவு தைரியம் எனக்கு!

ஞாயிறு விடியற்காலை அப்பா காரில் விமான நிலையத்துக்குப் போனார். நாங்கள் வேனில் அக்கா ஊருக்குப் போய், ஊர் எல்லையில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் இறங்கினோம். தாய்மாமன் வீட்டார் நேராகக் கோயிலுக்குப் போய்விட முடியாது. எல்லையில் நின்று, சீர்த்தட்டுகளை வரிசையாக ஏந்தி, மேளதாளத்தோடு, மாமனுக்கு மாலை போட்டு நடுவில் நடக்கவிட்டு, ஊர் பார்க்கப் போக வேண்டும். பழத்தட்டு, இனிப்புத்தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு, தோட்டுத் தட்டு என்று அம்மா அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் போனில் விமானத்தைத் தேடினேன். வரைபடத்தில் குட்டி மஞ்சள் விமானம் இன்னும் கடல்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஐம்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. பரவாயில்லை, எட்டு மணிக்கு இறங்கினாலும் பத்தே ஐந்துக்கு வந்துவிடலாம். அதற்குத்தானே மிச்சம் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா பேண்டு செட்டுக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மாமன் வந்து எறங்கி, வேட்டி கட்டி, மாலையப் போட்டதும் எடுங்க. முக்குக்கு முக்கு நின்னு அடிக்கணும். ஒரு மணி நேரத்துக்குக் கொறைய கோயில் போய்ச் சேரக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

ஒரு மணி நேரம்.

கடலைக் கணக்குப் போட்டவள், காற்றைக் கணக்குப் போட்டவள், தைலத்தைக்கூடக் கணக்கில் சேர்த்தவள், பிறந்ததிலிருந்து பார்த்துவரும் சீர் ஊர்வலத்தை விட்டுவிட்டேன். பிள்ளையார் கோயிலுக்கும் அய்யனார் கோயிலுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. விமானத்துக்கு ஐந்து வினாடி. எங்கள் சனத்துக்கு ஒரு மணி நேரம். பத்தே ஐந்தோடு ஒரு மணி நேரம் என்றால் பதினொன்றே ஐந்து.

அக்கா கோயிலிலிருந்து போன் செய்தாள். "வந்துருவான்ல?"

"வந்துருவாரு" என்றேன். மிச்சக்கணக்கைச் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று உண்டு: ஒருவன் நடந்து போகிறான், பின்னால் ஒருவன் சைக்கிளில் கிளம்புகிறான், எந்த இடத்தில் பிடிப்பான்? அதுதான் கைகொடுத்தது. பெரியப்பாவிடம் போனேன்.

"பெரியப்பா, நம்ம ஒம்போதரைக்கு எடுத்துருவோம். அண்ணன் வழியில வந்து சேந்துக்கட்டும்."

"என்னாத்தா பேசுற? மாமன் இல்லாம மாமன் சீரா? ஊரு சிரிக்காது?"

"மாமன் வந்து, நல்ல நேரம் போயிருச்சுன்னா மட்டும் சிரிக்காதா? அக்கா மூஞ்சிய யாரு பாக்குறது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கோபம் என்று நினைத்தேன். அம்மா பக்கம் திரும்பினார், வானத்தைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு மாமனுக்கு வைத்திருந்த ரோஜா மாலையை ஒரு தாம்பாளத்தில் சுருட்டி வைத்து என் கையில் கொடுத்தார்.

"இந்தா. நீயும் அவங்கூடப் பொறந்தவதான. ஏந்திக்கிட்டு முன்னாடி நட."

இப்படித்தான் அந்தச் சடங்கில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது.

பேண்டு செட்டுக்காரரிடம், "அண்ணே, எங்கயும் நிக்காம ஊதிக்கிட்டே போங்க" என்றேன்.

"நிக்காமப் போனா அது சீரு இல்ல தங்கச்சி. சாமி நகையத் திருடிக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கும்."

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். எட்டு மணியிலிருந்தே அப்பாவிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. இறங்கிவிட்டான். வரிசையில் நிற்கிறான். "பெட்டிக்காக நிக்கிறானாம்மா. பெட்டி சுத்துதாம், இவன் பெட்டி மட்டும் வரலையாம்." ஒருவழியாக ஒன்பது மணிக்கு, என் கணக்குக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே, வெளியே வந்து கார் ஏறியிருந்தான். அந்த ஐந்து நிமிடத்தையும் நான் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன்.

தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மாலை தட்டில் இருந்தது, மாலைக்குரிய கழுத்தைக் காணோம்.

"மாமன் எங்கத்தா?"

"வந்துக்கிட்டு இருக்காருங்க."

"எங்கன வந்துக்கிட்டு இருக்காரு?"

"கீரனூர் தாண்டியாச்சுங்க."

"அடி ஆத்தீ! இது ஆன்லைன் சீரு போல. தட்டு முன்னாடி வருது, மாமன் பின்னாடி டெலிவரியாம்." தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, தாம்பாளம் ஆடியது.

பத்து மணிக்கு ரேஷன் கடை முக்கில் இருந்தோம். அவன் எங்களைப் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். கார் ரயில்வே கேட்டில் நிற்பதாக அப்பா சொன்னார். ரயிலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கோயில் குதிரைகளின் தலை மரங்களுக்கு மேலே தெரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிடம் நடந்தால் மாமன் இல்லாத சீர் கோயிலுக்குள் நுழைந்துவிடும்.

பேண்டு செட்டுக்காரரிடம் ஓடிப்போய், "அண்ணே, நில்லுங்க. நின்னு அடிங்க. நல்லா அடிங்க" என்றேன்.

"இப்பத்தான ஓடச் சொன்ன?"

"இப்ப ஆடச் சொல்றேன்."

அடித்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் காத்துக்கிடந்தவர்கள்போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். பெரியப்பாவும் துண்டைச் சுழற்றி இரண்டு சுற்றுச் சுற்றினார். மூட்டுவலி என்று தைலம் கேட்ட மனுசன்!

பத்து பதினொன்றுக்குக் கார் வந்தது. அண்ணன் இறங்கினான். போன் திரையில் கழுத்துவரைதான் பார்த்திருக்கிறேன். முழு ஆளாகப் பார்க்க இளைத்திருந்தான். முன்நெற்றியில் முடி ஏறியிருந்தது. பெரியப்பா பேச்சே இல்லாமல் அவனுடைய ஜீன்ஸ் மேலேயே பட்டு வேட்டியைச் சுற்றினார். நான் தாம்பாளத்தை நீட்டினேன்.

"என்ன புள்ள, என் வேலையெல்லாம் நீ பாக்குற?" என்று குனிந்தான்.

கோயிலுக்குள் நுழையும்போது பத்து பத்தொன்பது. அக்கா தூணோரம் நின்றிருந்தாள். ஓடிவருவாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்திலேயே, "வந்துட்டியாடா" என்றாள். அவனும் "வந்துட்டேன்க்கா" என்றான். அவ்வளவுதான். மணையில் உட்கார்ந்து, இரண்டு தொடையையும் தட்டி, "வாடா தங்கம், மாமன் மடிக்கு வா" என்றான்.

பிள்ளை வரவில்லை. அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"போடி, மாமாதான்" என்று அக்கா முன்னே தள்ளினாள்.

"இது மாமா இல்ல."

"மாமாதான்டி. ஷார்ஜா மாமா."

"இல்ல! மாமா போன்ல இருக்காரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. தட்டிக்கொண்டிருந்த கை தொடைமேலேயே நின்றுபோனது. பிள்ளை விவரம் தெரிந்த நாளிலிருந்து இவனை உள்ளங்கை அளவுக்குத்தான் பார்த்திருக்கிறது. இந்தப் பெரிய ஆள், தாடியும் பயண நாற்றமுமாக, அதற்கு யாரோ. அழுகை பெரிதானது. தூக்கிவைத்தால் உதைத்தது. பத்து இருபத்திரண்டு.

யாரோ, "பெரியப்பா மகன ஒக்காரச் சொல்லுங்கப்பா, அவருன்னா புள்ளைக்குப் பழக்கம்" என்றார்கள். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் சொன்னவர் இரண்டடி பின்னால் போனார்.

அக்காவின் மாமியார்தான் இந்த நல்ல நேரத்தில் ரொம்பக் கறாராக இருந்தவர். கையில் கடிகாரத்தோடு நின்றிருந்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு காது குத்த வந்திருந்த ஆசாரியிடம், "ஊசிய இன்னொரு தடவ நல்லாக் கழுவுங்க ஆசாரி" என்றார்.

"கழுவிட்டேங்கம்மா."

"இன்னொரு தடவ கழுவுங்க. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும். அவசரமில்ல." வாழ்நாளில் அவர் அவசரமில்லை என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஏ புள்ள, என் சிம்முக்கு இங்கிட்டு நெட்டு இல்ல. ஒன் ஹாட்ஸ்பாட்ட போடு."

எனக்குப் புரிய ஒரு வினாடி ஆயிற்று. போட்டேன். அவன் எழுந்து, பிள்ளைக்குப் பின்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போய், அக்கா போனுக்கு வீடியோ கால் செய்தான். அக்கா இடுப்பில் செருகியிருந்த போன் பாடியது. பிள்ளை அந்தப் பாட்டைக் கேட்டதும் அழுகையை நிறுத்தியது. தானே பிடுங்கிப் பச்சையை இழுத்தது.

"சுண்டெலி! சோறு தின்னியா?"

"தின்னுட்டேன் மாமா. இட்லி." மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னது. "மாமா, இங்க யாரோ வந்து மாமான்னு சொல்றாங்க."

"அப்படியா? அவன் எப்படி இருக்கான்?"

"தாடி வச்சிருக்கான்."

பேண்டு செட்டுக்காரர்கூட குழலை இறக்கிவிட்டார்.

பிள்ளை திரையை உற்றுப் பார்த்தது. "மாமா, ஒங்களுக்குப் பின்னாடி குதிரை நிக்கிது."

"ஆமா. யாரு குதிரை?"

"எங்க அய்யனார் குதிரை! எங்க குதிரை எப்படி அங்க வந்துச்சு?"

"திரும்பிப் பாரு, அங்கதான் இருக்கான்னு."

திரும்பியது. மண்குதிரை அதே இடத்தில் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் காலடியில் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி, மாலையும் ஜீன்ஸுக்கு மேல் வேட்டியுமாக, தாடிக்காரன். பிள்ளை போனைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, மறுபடி போனைப் பார்த்தது. அவன் கை ஆட்டினான். இரண்டு இடத்திலும் கை ஆடியது.

அது மெதுவாக நடந்துபோய் அவன் வேட்டியைத் தொட்டது. பிறகு தாடியை.

"சுண்டெலி" என்றான் போன் இல்லாமல்.

பத்து இருபத்தேழுக்கு முதல் காது. வீல் என்று அலறி இழுத்த இழுப்பில் அவன் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. பத்து இருபத்தொன்பதுக்கு இரண்டாவது. பிள்ளை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. இந்தத் தடவை அவனை விட்டு ஓட அல்ல. அக்கா அப்போதுதான் அழுதாள். மாமியார் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

பந்தி நடக்கும்போது அண்ணன் குதிரைப் பீடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தோட்டோடு பிள்ளை அவன் மடியில் தூங்கிவிட்டது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அண்ணே, கதவு எப்பத் தொறந்தாங்க? பெட்டி எத்தன மணிக்கு வந்துச்சு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். கடைசியில் ஒரு பேச்சுக்கு, "ரூம விட்டு எப்பக் கெளம்புன?" என்றேன்.

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு."

"ஃபிளைட்டு ஒண்ணு நாப்பதுக்குத்தான?"

"நாங்க தங்குற கேம்ப்போட வண்டி அந்த ஒரு நேரந்தான் அந்தப் பக்கம் போகும். அஞ்சு மணியில இருந்து ஏர்போர்ட்லதான் குந்தியிருந்தேன். முந்தின நாள் நைட் டூட்டி வேற." கொட்டாவி விட்டான். "நீ அதக் கேக்கலியே."

கேட்கவில்லைதான். அங்கே நாலு என்றால் இங்கே ஐந்தரை. ஐந்தரையிலிருந்து காலை பத்து இருபத்தேழு வரை. பதினேழு மணி நேரம். விமானத்தில் இருந்தது அதில் நாலே நாலு. நம்மூர்ப் பக்கத்தில் பெட்டி வரும் நேரம் வரை அளந்தவள், அவன் பக்கத்தில் ஒரு நிமிடத்தைக்கூட விசாரிக்கவில்லை.

அக்கா பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். இலையில் சோற்றைப் பிசைந்து எடுத்துவந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். அதற்குள் அவன் தூங்கிவிட்டிருந்தான். எழுப்பவில்லை. இலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அண்ணனுக்கு முப்பது நாள் லீவு. இன்று இருபத்தாறாவது நாள். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போக அவன் பைக்கைத்தான் கேட்கிறது. அவன் தாடியை எடுத்தபோது இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த தடவை அவன் விசேஷத்துக்கு வருவதாக இருந்தால், ஒரு முகம் பழகுவதற்கு ஆகும் நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். அதற்குச் சூத்திரம் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு நாளாவது முன்னால் வர வேண்டும் என்பது இப்போதைக்கு என் ஊகம்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை அவன் கிளம்புகிறான். புதிய அட்டவணை போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பதினான்கு இடம். எங்கள் வீட்டு வாசல், கார், விமான நிலையக் கண்ணாடிக் கதவு, சோதனை வரிசைகள், விமானக் கதவு என்று போய், அந்தப் பக்கம் அவன் சொல்லச் சொல்ல எழுதிய இடங்கள்: கேம்ப் வண்டி நிற்கும் இடம், மூன்றாவது ரவுண்டானா, கேட், மாடிப்படி, அவனுடைய மேல்கட்டில். இந்த இடங்களின் பெயரையே நாங்கள் நாலு வருடத்தில் இப்போதுதான் கேட்கிறோம். ஒவ்வொரு இடத்திலும் நேரத்தை மட்டும் தட்டி அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். "தூங்கிட்டேன்னா?" என்று கேட்டான். "எந்திரிச்சு அனுப்பு" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணி வாக்கில் அவன் வாசல்படி தாண்டுவான். அந்த முதல் நேரத்தை நான் எழுதுகிறேன். மீதிப் பதின்மூன்றும் அவன் அனுப்பி வர வேண்டும்.